சோலார் போடவா, இன்னும் பொறுக்கவா?

போன இதழில் ‘சோலார் இவ்வளவு மலிந்த பிறகும் பலர் மாடியை வெறுமனே விட்டுவைத்திருப்பது ஏன்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த வாரப் பக்கத்தை நிரப்பிவிட்டன. ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். சில கடிதங்களில் வேலை செய்துகொடுத்தவர்களுக்கு நல்ல வசவு இருப்பதால் ஆள் பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் சோலார் போட விசாரித்தபோது, ‘பொறுங்க சார், விலை இன்னும் இறங்கும்’ என்று சொன்னார்கள். பொறுத்தேன், இறங்கியது. இன்னும் இறங்கும் என்றால் இன்னும் பொறுக்கலாமே?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவில்பட்டி*

அப்போது பொறுத்தது சரிதான். இப்போது பொறுப்பது நஷ்டம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், ஆசிரியருக்குக் கணக்கு பிடிக்கும் என்ற நம்பிக்கையில்.

உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், ஒரு ஏசி, ஒரு தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டில் கோடையில் இது சாதாரணம். 2024 ஜூலையில் வந்த கட்டண அட்டைப்படி, 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை ரூ.4.80, அடுத்த நூறுக்கு ரூ.6.45, அதற்கடுத்த நூறுக்கு ரூ.8.55, 600-க்கு மேல் ரூ.9.65. கூட்டினால் ரூ.4,870 வருகிறது. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். மிச்சம் நீங்கள் ஈபியிடமிருந்து எடுப்பது வெறும் 80, அதுவும் இலவச வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. ஆக வருஷத்துக்கு ஏறத்தாழ 29,000 ரூபாய் மிச்சம். 3 கிலோவாட் அமைப்புக்கு இன்று இரண்டு லட்சத்தை ஒட்டிச் சொல்கிறார்கள். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். நாலு, நாலரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். மீட்டர் கட்டணம், அது இது என்று வரும் சில்லறைச் செலவுகளை நான் சேர்க்கவில்லை, அதையும் சேர்த்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சரி, விலை இறங்குவதற்கு வருவோம். இறங்கிக்கொண்டிருப்பது பேனல் விலை. மொத்தச் செலவில் பேனலின் பங்கு இப்போது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மீதியெல்லாம் இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், வயர், எர்த்திங், நெட் மீட்டர் (ஈபிக்கு நீங்கள் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துக் காட்டும் மீட்டர்), ஏற்றி இறக்கும் கூலி. இரும்பும் கூலியும் என்றைக்காவது இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பேனல் இன்னும் இருபது சதவீதம் குறைந்தால் உங்களுக்கு மிஞ்சுவது பத்துப் பதினைந்தாயிரம். அதற்காக ஒரு வருஷம் காத்திருந்தால் போவது 29,000. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்களே, அந்த மாதிரி ஒரே நாளில் இறங்கும் இறக்கம் அடிக்கடி வராது.

ஆனால் இது 800 யூனிட் வீட்டுக்கான பதில். உங்கள் வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேர்தான், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்தான் ஓடுகிறது என்றால் பில்லே எழுநூறு ரூபாய்ச் சொச்சம்தான் வரும். 200-க்குள் என்றால் இன்னும் அற்பம். அந்த வீட்டுக்கு சோலார் விற்க வருகிறவரை மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பழைய ஆறு பில்லை எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த முடிவும். பேனல் விலையை இனிமேல் யாரும் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சோலார் பேனல் விலை இவ்வளவு விழுந்ததற்கு யார் காரணம்? சீனாதான் என்கிறார் என் நண்பர். புதுக் கண்டுபிடிப்புதான் என்கிறேன் நான்.
*பொறியியல் மாணவர், திருச்சி*

இரண்டு பேருக்கும் பாதி மதிப்பெண். மீதிப் பாதி ஜெர்மனிக்காரர்கள் கட்டிய கரண்ட் பில்லுக்குப் போக வேண்டும்.

சிலிக்கானில் உருப்படியான முதல் சோலார் செல் 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. விழுந்த வெளிச்சத்தில் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. நல்ல கண்டுபிடிப்புதான், வாங்கத்தான் ஆள் இல்லை. 1958-ல் வான்கார்டு செயற்கைக்கோளில் ஏற்றினார்கள், விண்வெளியில் ஈபி இணைப்பு கிடையாது என்பதால் அங்கே விலை ஒரு பொருட்டே இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வாட் 100 டாலர். எலியட் பெர்மன் என்பவர் அதை 20 டாலருக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பணம் போட்டது எக்ஸான், அதாவது பெட்ரோல் கம்பெனி. முதல் பெரிய வாடிக்கையாளர்களில் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளும் உண்டு, அங்கே எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டுமே. எண்ணெய்க்காரர்கள் காசில் சோலார் தவழ ஆரம்பித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அதன் பிறகு நடந்ததற்கு ஸ்வான்சன் விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சன்பவர் நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்வான்சன் பெயரில். உலகம் இதுவரை வாங்கிய மொத்தப் பேனல் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது. இதில் கவனிக்க வேண்டியது, காலம் போனால் விலை தானாகக் குறையாது, யாராவது வாங்கினால்தான் குறையும். விலை அதிகம் இருக்கும்போது எவன் வாங்குவான்? அங்கேதான் ஜெர்மனி வருகிறது. 2000-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: மாடியில் சோலார் போட்டால் அந்த மின்சாரத்துக்கு 20 வருஷத்துக்கு நல்ல விலை உறுதி. வெயில் சோம்பலாக அடிக்கும் அந்த நாட்டில் ஜனங்கள் மாடியெல்லாம் பேனல் போட்டார்கள், அந்தச் செலவு எல்லார் பில்லிலும் ஏறியது. அதில் அவர்கள் புலம்பியது கொஞ்ச நஞ்சமல்ல.

அந்தக் கிராக்கியைப் பார்த்துத்தான் சீனா இறங்கியது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனிடம் படித்த ஷி செங்ராங் ஊர் திரும்பி 2001-ல் சன்டெக் கம்பெனியைத் தொடங்கினார். சில வருஷங்களிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தை, கோடீஸ்வரப் பட்டியல் எல்லாம் பார்த்தார். 2013-ல் அதே சன்டெக் கடன் கட்ட முடியாமல் திவால். விலை இறங்குவது நமக்குக் கொண்டாட்டம், செய்கிறவனுக்கு அது கத்தி. இன்றும் அதே கதைதான், 2024-ல் சீனாவின் பெரிய பேனல் கம்பெனிகள் பலவும் நஷ்டக் கணக்குத்தான் காட்டின. பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் எண்பது சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் கட்டாய உழைப்பு நடக்கிறது என்ற குற்றச்சாட்டில் 2021-ல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. மலிவுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் பக்கம். கண்டுபிடிப்பு என்றால் ஏதோ ஒரு பெரிய மின்னல் அல்ல, தொழிற்சாலைக்குள் நடந்த நூறு சின்னச் சின்ன வேலைகள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாட்டுக்குச் சுமார் 16 கிராம் சிலிக்கான் போனது, இப்போது இரண்டு மூன்று கிராம் போதும். சிலிக்கான் கட்டியை அறுக்கும்போது தூளாகப் போவது குறைய வேண்டும் என்று வைரத்தூள் பதித்த கம்பிக்கு மாறினார்கள். அறுத்தெடுத்த சிலிக்கான் வில்லையை மெலிதாக்கினார்கள். வெள்ளிப் பூச்சைக் குறைத்தார்கள். 2008-ல் சிலிக்கான் தட்டுப்பாடு வந்து கிலோ 400 டாலர் வரை போனது, அந்த ஆசையில் ஆளாளுக்கு ஆலை கட்ட, 2024-ல் கிலோ ஐந்து டாலரை ஒட்டி வந்து நின்றது. பேனல் விலையும் அதே ஆண்டு சர்வதேசச் சந்தையில் வாட்டுக்குப் பத்து சென்ட், நம் காசில் ஒன்பது ரூபாய்க்கும் கீழே.

நம் மாடிக்கு அந்த விலை ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி கேட்பீர்கள். 2022 ஏப்ரலில் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதச் சுங்க வரி போட்டார்கள். மானியம் வேண்டும் என்றால் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும், அது அந்தச் சர்வதேச விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குப் பதிலாகத்தான் கங்கைகொண்டானில் டாடாவும் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலாரும் ஆலை வைத்திருக்கின்றன. ஒரே நாட்டை நம்பி இருக்கக் கூடாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. அதற்கான விலையை மாடியில் பேனல் போடுகிறவர் தருகிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நல்ல வெயில் அடிக்கும்போது கரண்ட் போனால் எங்கள் சோலாரும் நின்றுவிடுகிறது! மாடியில் பேனல், வீட்டுக்குள் விசிறி ஓடவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
*இல்லத்தரசி, மதுரை*

பேனலில் ஏமாற்று இல்லை அம்மா. சொல்லாமல் விட்டதுதான் ஏமாற்று.

நீங்கள் போட்டிருப்பது ஆன்-கிரிட் வகை. அதன் இன்வெர்ட்டர் எப்போதும் ஈபி லைனைப் பார்த்துக்கொண்டே இருக்கும், லைனில் மின்சாரம் செத்த உடனே தானும் நிறுத்திக்கொள்ளும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதி. காரணம் எளிது: தெருக் கம்பத்தில் லைன்மேன் ஏறியிருக்கிறார், லைனை அணைத்துவிட்டோம் என்று நம்பி கை வைக்கிறார், உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் அந்த வழியே திரும்பி வந்தால் என்ன ஆகும்? அதனால் உங்கள் இன்வெர்ட்டரைத் திறந்து ‘கொஞ்சம் மாற்றிக்கொடுங்க’ என்று உள்ளூர் எலக்ட்ரீஷியனிடம் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.

வெட்டு நேரத்திலும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அது கரண்ட் போனதும் உங்கள் வீட்டைத் தெருவிலிருந்து பிரித்துவிட்டு வீட்டுக்குள் மட்டும் கொடுக்கும். செலவு கையைக் கடிக்கும், பேட்டரிக்கு மானியமும் இல்லை. ஒரு நாளைக்கு அரை மணி, ஒரு மணி நேரம்தான் வெட்டு என்றால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாதாரண யுபிஎஸ் பேட்டரியே போதும், அது தன் பாட்டுக்கு ஓடட்டும், சோலார் தன் பாட்டுக்குப் பில்லைக் குறைக்கட்டும். இரண்டும் வேறு வேறு வேலை. இதை விற்கும்போதே ஒரு வரியில் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை இருந்திருக்காது.

எங்கள் கமுதி பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சோலார் தகடு. யூனிட் இரண்டு ரூபாய்க்குச் சோலார் கரண்ட் கிடைக்கிறதாகப் பேப்பரில் போடுகிறார்கள். அப்படியானால் கரண்ட் பில் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?
*கடைக்காரர், கமுதி*

நியாயமான கோபம். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் ஊர்த் தகடுகள். கமுதியில் இருக்கும் அதானியின் 648 மெகாவாட் நிலையம், சுமார் 2,500 ஏக்கர், 2016-ல் திறந்தபோது ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று பேசினார்கள். அதற்காக 2015-ல் பேசிய விலை யூனிட்டுக்கு ரூ.7.01, ஒப்பந்தம் 25 வருஷத்துக்கு. இரண்டே வருஷம் கழித்து ராஜஸ்தான் பட்லாவில் நடந்த ஏலத்தில் ரூ.2.44. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் ரூ.1.99. நீங்கள் பேப்பரில் பார்த்த ‘இரண்டு ரூபாய்’ அதுதான், அதுவும் ஒரு முறை தொட்டுவிட்டு மேலே ஏறிவிட்ட விலை.

முதலில் வாங்குகிறவன் அதிகம் கொடுப்பான் என்பது உண்மை. 2010-ல் தேசிய சோலார் இயக்கம் தொடங்கியபோது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் குறித்த விலையே யூனிட்டுக்கு ரூ.17.91, அதைப் பார்த்தால் 7.01 மலிவாகக்கூடத் தெரியும். ஆனால் கமுதிக்கு அந்தச் சமாதானத்தை நான் முழுதாக ஏற்க மாட்டேன். அதே 2015-ல் மத்தியப் பிரதேசத்தில் ஏலம் விட்டார்கள், ரூ.5.05 வந்தது. வருஷக் கடைசியில் ஆந்திராவில் ரூ.4.63. நாம் அப்போது ஏலம் விடவில்லை, நம் மாநில ஆணையம் நிர்ணயித்த விலைக்கே கையெழுத்துப் போட்டோம். 2017-ல் இங்கேயும் ஏலம் வந்தது, விலை ரூ.3.47-க்கு விழுந்தது. விலை வேகமாக இறங்கும் பொருளுக்கு 25 வருஷ ஒப்பந்தத்தைப் பழைய விலையில் போட்டால், இறங்கியதெல்லாம் நமக்கு வராது.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். சோலார் மலிவாகக் கிடைப்பது பகல் பதினொரு மணிக்கு. நம் வீடுகளில் விளக்கு, டிவி, ஏசி எல்லாம் ஒன்றாக எழுந்திருப்பது சாயங்காலம் ஏழு மணிக்கு. அந்த நேரத்துக்கு நிலக்கரி, காற்று, நீர், வெளிச்சந்தை என்று எங்கேயாவது வாங்கித்தான் ஆக வேண்டும், வெளிச்சந்தையில் சாயங்கால விலை பகல் விலையைப் போலப் பல மடங்கு போகும். நாள் முழுக்கத் தேவைப்படும் என்று கட்டிய அனல் நிலையத்துக்குப் பகலில் அது சும்மா நின்றாலும் நிலையான கட்டணம் உண்டு. தமிழ்நாட்டின் சோலார் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். ராத்திரியில் அந்தப் பத்தாயிரத்துக்கு மதிப்பு பூஜ்யம். பில்லில் ஏறுவது சோலாரின் விலை அல்ல, சோலார் இல்லாத நேரத்தின் விலை. அதோடு பழைய கடன், அதன் வட்டி, லைனில் வீணாவது எல்லாம் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு வழி பகல் மின்சாரத்தைச் சாயங்காலத்துக்கு நகர்த்துவது. புதிய சங்கதி ஒன்றும் இல்லை, ஆழியாறு மலைமேல் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் எண்பதுகளின் கடைசியிலிருந்தே இருக்கிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்று, பற்றாக்குறையில் கீழே இறக்கு. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு ஒன்று கட்டுகிறார்கள். லித்தியம் பேட்டரியும் சோலார் போன வழியிலேயே இறங்கிக்கொண்டிருக்கிறது, 2010-ல் ஒரு யூனிட் சேமிக்கும் பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல், 2024-ல் 115 டாலர். இன்று என்னைக் கேட்டால் பேனல் விலையைவிட இந்த எண்ணைத்தான் உற்றுப் பார்க்கச் சொல்வேன்.

புத்தாண்டு விடுமுறைக்குள்ள ‘உங்கட வீட்டுச் சோலாரை நிற்பாட்டி வையுங்கோ’ எண்டு மின்சார சபை கேட்டது. வெயிலுக்குச் சோலாரை நிற்பாட்டச் சொல்லுறது எந்த ஊர் நியாயம்?
*வாசகர், யாழ்ப்பாணம்*

கேட்க வினோதமாகத்தான் இருக்கும். ஆனால் 2025 ஏப்ரலில் உங்கள் மின்சார சபை பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஏறியதில் நாடு முழுக்க இருண்டது உங்களுக்கு நினைவிருக்கும். உலகமே குரங்கை வைத்துச் சிரித்தது. ஒரு குரங்கால் ஒரு நாடு விழ முடிந்தது எப்படி என்பதுதான் கேள்வி.

ஞாயிறு பகலில் தொழிற்சாலை இல்லை, அலுவலகம் இல்லை, தேவை குறைவு. வெயிலோ உச்சம். கூரைச் சோலார் கொட்டிக்கொண்டிருக்கும்போது பெரிய நிலையங்களைக் குறைத்து ஓட்டுவார்கள். அந்தப் பெரிய நிலையங்களில் டன் கணக்கில் எடையுள்ள சுழலி சுற்றிக்கொண்டிருக்கும், எங்காவது பழுது வந்தால் அந்தச் சுழற்சியின் வேகம் சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கும். பேனலில் சுற்றுவது எதுவும் இல்லை. மின்சாரத்தின் அதிர்வெண், அதாவது அது விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற எண், 50-லிருந்து எல்லை தாண்டி இறங்கியதும் கூரை இன்வெர்ட்டர்களும் தாமாகக் கழன்றுகொள்ளும், விழுகிற நேரத்தில் கை கொடுக்க ஆள் இருக்காது. புத்தாண்டு வாரம் என்றால் ஏழு நாளும் ஞாயிறு மாதிரிதான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து உங்கள் கூரையை நிறுத்த அவர்களிடம் சுவிட்ச் இல்லை, அதனால் கெஞ்சிக் கேட்டார்கள்.

2022-ல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருட்டில் இருந்த நாட்டு மக்களிடம் மூன்றே வருஷத்தில் ‘மின்சாரம் கூடிப்போச்சு, நிறுத்துங்கள்’ என்று சொல்ல நேர்ந்தது என்றால், பேனல் பெருகிய வேகத்துக்கு மற்ற வேலைகள் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். கூரைக்காரர் மேல் பழி போடுவது சரியில்லை. தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர், பேட்டரி, சாயங்காலம் கொடுப்பவருக்குக் கூடுதல் விலை, இதெல்லாம் சபை செய்ய வேண்டியது. இதே சிக்கல் எங்கள் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. பாகிஸ்தானில் மின்கட்டணம் தாங்காமல் ஜனங்களே சீனப் பேனலை வாங்கிக் குவித்தார்கள், 2024-ல் மட்டும் சுமார் 17,000 மெகாவாட். வசதியுள்ளவர் லைனை விட்டு விலக விலக, லைனைப் பராமரிக்கும் செலவு விலக முடியாத ஏழை வீட்டுப் பில்லில் ஏறும். எனக்கு உண்மையான கவலை அதில்தான்.

இலவச மின் இணைப்புக்கு மனு போட்டுக் காத்திருக்கிறேன். சோலார் பம்ப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். போடலாமா?
*விவசாயி, ஒட்டன்சத்திரம்*

காத்திருக்கும் வருஷங்களில் டீசல் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் போடலாம். 2019-ல் வந்த பிஎம் குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசு இரண்டும் சேர்ந்து 60 சதவீத மானியம், சிறு குறு விவசாயிகளான ஆதிதிராவிட, பழங்குடியினருக்கு அதற்கு மேலும் உண்டு. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். விசாரிக்கும்போது, சோலார் பம்ப் வாங்கினால் இலவச இணைப்பு வரிசையில் உங்கள் மனு என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

தண்ணீர் காலை ஒன்பதுக்கு மேல் பிடித்து மாலை நாலு வரைதான் நன்றாக வரும், மூட்டமாக இருந்தால் மெலிந்து ஓடும். ராத்திரி முறைப் பாசனம் பழகியவர்களுக்கு இது இடிக்கும். ஒரு தரைத்தொட்டி கட்டிப் பகலில் நிரப்பி, சொட்டு நீரில் விட்டால் சௌகரியம். போர் 600 அடிக்கும் கீழே போய்விட்டது என்றால் விற்கிறவர் சொல்லும் குதிரைத் திறனை அப்படியே நம்பாமல், அந்த ஆழத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் வரும் என்று கேளுங்கள்.

எனக்கு ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டீசல் போட்டால் காசு போகிறது என்று மோட்டாரை நிறுத்துவோம். சோலாரில் ஓட ஓடச் செலவில்லை, நிறுத்த மனசு வராது. உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் இருக்கும் லட்சணம் என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

மே மாதம் தீயாக வெயில் அடிக்கிறது, பிப்ரவரியைவிட யூனிட் குறைவாக வருகிறது. பேனல் கெட்டுவிட்டதா?
*பட்டாசுக் கடை ஊழியர், சாத்தூர்*

கெடவில்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அதன் திறனை 25 டிகிரியில் அளந்துதான் அட்டையில் எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இழக்கும். உங்கள் ஊர் மே மத்தியானத்தில் செல்லின் சூடு 60, 65-க்குப் போகும், பத்து முதல் பதினாறு சதவீதம் வரை அங்கேயே போச்சு. பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்றோட இடைவெளி இருக்கட்டும், தளத்தோடு ஒட்டிப் போட்டால் இன்னும் மோசம்.

24 வீடுகள் உள்ள அடுக்ககம். மாடி எல்லாருக்கும் பொது. ஆளாளுக்குச் சோலார் போட்டால் சண்டை வராதா?
*சங்கச் செயலாளர், சென்னை மடிப்பாக்கம்*

வரும், கண்டிப்பாக வரும். அதனால் முதலில் பொது மீட்டருக்குப் போடுங்கள். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் அந்த இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே காசு. லிஃப்டும் மோட்டாரும் பகலிலும் ஓடுகின்றன. குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. மாதச் சந்தா குறைந்தால் சண்டை போட வருகிறவர் எண்ணிக்கையும் குறையும்.

25 வருஷம் கழித்து இத்தனை தகட்டையும் எங்கே கொட்டுவார்கள்? விஷம் என்கிறார்களே?
*கல்லூரிப் பேராசிரியை, நாகர்கோவில்*

மாடியில் இருக்கும் சிலிக்கான் பேனலில் முக்கால் பங்கு கண்ணாடி, சுற்றிலும் அலுமினியச் சட்டம், உள்ளே சிலிக்கான், செம்பு, கொஞ்சம் வெள்ளி, இணைப்பு ஈயப் பற்றாசில் இருந்தால் கொஞ்சம் ஈயம். காட்மியம் உள்ளது வேறு வகை, மெல்லிய படலப் பேனல். உடைத்துக் குப்பைமேட்டில் போட்டால் தப்புதான், ஆனால் அனல் நிலையம் ஒன்று தினமும் தள்ளும் சாம்பலோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்னக் குவியல். இந்தியாவில் 2022-ன் மின்கழிவு விதிகளில் சோலார் பேனலையும் சேர்த்துவிட்டார்கள், தயாரிப்பவர்களே பொறுப்பு. விதி இருக்கிறது, பிரித்தெடுக்கும் ஆலைகள்தான் போதவில்லை. அலுமினியத்தைக் கழற்றிக்கொண்டு மீதியை வீசிவிடும் பழைய இரும்புக் கடைக்குத்தான் இப்போதைக்குப் போகும். அதோடு 25 வருஷம் என்பது உத்தரவாதக் கணக்கு. வருஷத்துக்கு அரை சதவீதம் போல இழந்துகொண்டே அதற்குப் பிறகும் ஓடும். முதலில் மாற்ற வேண்டியது பேனல் அல்ல, இன்வெர்ட்டர், அதற்குப் பத்து வருஷம் போல ஆயுள் வைத்துக்கொண்டு பணம் எடுத்து வையுங்கள்.

பேனலை எப்படிக் கழுவுவது? போர் தண்ணீர் அடிக்கலாமா?
*வாசகி, திருப்பூர்*

காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால். கொதித்துக்கொண்டிருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். மென்மையான துணி அல்லது மாப் போதும், சோப்புத்தூள், நார் எதுவும் வேண்டாம். உப்புப் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படியும், அது தூசியைவிடத் தொல்லை, முடிந்தால் நல்ல தண்ணீர். மாதம் இரண்டு முறை கழுவினால் தாராளம், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். காக்கை எச்சத்தை மட்டும் உடனே துடைத்துவிடுங்கள், ஒரு செல்லை மறைத்தாலே அந்த வரிசை முழுக்கக் குறையும். மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் சரிவாக இருந்தால் நீங்கள் ஏற வேண்டாம், நீளக் கம்பு வைத்த மாப் கடையில் கிடைக்கிறது.